இணையத்தின் பெயரேட்டைக் காத்த ஜொன் பொஸ்டல்

இணையத்தள முகவரியொன்றைத் தட்டச்சு செய்த பின்னர், அந்தத் தளம் திரையில் தோன்றுவதற்குச் சில விநாடிகள் தாமதமானாலும் சினங்கொள்ளும் நிலைக்கு நாம் பழகிவிட்டோம். அந்த முகவரி தனக்குரிய இடத்தை எவ்வாறு கண்டடைகின்றது, உலகெங்கும் கோடிக்கணக்கில் உள்ள முகவரிகள் ஒன்றோடொன்று ஏன் மோதிக்கொள்வதில்லை, இந்த ஒழுங்கைப் பேணுபவர் யார் என்ற வினாக்கள் எம்மில் பலருக்கு எழுவதேயில்லை. தண்ணீர்க் குழாயைத் திறப்பவர் நீர்த்தேக்கத்தைப் பற்றிச் சிந்திப்பதில்லை அல்லவா?

ஆனால் இந்த ஒழுங்கு தானாக அமைந்ததன்று. ஏறத்தாழ மூன்று தசாப்தங்களாக அதன் நடுவே இருந்து அதனைப் பேணியவர் ஜொன் பொஸ்டல் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர். எந்தச் சட்டமும் அந்த அதிகாரத்தை அவருக்கு வழங்கவில்லை. எந்தத் தேர்தலிலும் அவர் தெரிவு செய்யப்படவில்லை. சக அறிஞர்கள் அவர்மீது வைத்த நம்பிக்கையே அவரது அதிகாரத்தின் ஒரே மூலமாக இருந்தது. நீண்ட தாடியும் காலில் செருப்புமாகக் காட்சியளித்த, மலைப்பிரதேசங்களில் நடைப்பயணம் செல்வதில் பெருவிருப்பம் கொண்டிருந்த அந்த மனிதரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது, இணைய முகவரிகளின் அடிப்படைகளை அறிந்துகொள்வதற்கும் நல்ல வழியாகும்.

பொஸ்டல் 1943 ஆகஸ்ட் 6 ஆம் திகதி கலிபோர்னியா மாநிலத்தின் அல்டடீனா என்ற ஊரில் பிறந்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வான் நைஸ் உயர்நிலைப் பாடசாலையில் கல்வி பயின்றார். பிற்காலத்தில் இணையத்தின் முன்னோடிகளாகப் புகழ்பெற்ற வின்ட் சேர்வ், ஸ்டீவ் குரொக்கர் ஆகியோரும் அதே பாடசாலையின் மாணவர்களே. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் 1966 இல் பொறியியலில் இளமாணிப் பட்டமும் 1968 இல் முதுமாணிப் பட்டமும் பெற்ற பொஸ்டல், 1974 இல் கணினி விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவர் பட்டப்பின் படிப்பை மேற்கொண்ட காலம் ஒரு புதிய யுகத்தின் தொடக்கமாக அமைந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியுதவியுடன், தொலைவிலுள்ள கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆர்பாநெட் என்ற வலையமைப்பு அப்போது உருவாகிக்கொண்டிருந்தது. அதன் முதலாவது நிலையம் பேராசிரியர் லெனாட் கிளைன்ரொக்கின் தலைமையில் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலேயே அமைந்தது. 1969 ஒக்டோபர் 29 ஆம் திகதி இரவு, அங்கிருந்து ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. இரண்டு எழுத்துகள் சென்றடைந்ததும் மறுமுனைக் கணினி செயலிழந்து போயிற்று. பின்னர் அது சீர்செய்யப்பட்டது. இன்றைய இணையத்தின் பிறப்பு அத்துணை எளிமையானது. அந்த நிலையத்தில் பணியாற்றிய இளம் ஆய்வாளர்களுள் ஒருவராகப் பொஸ்டல் இருந்தார்.

கணினிகள் ஒன்றோடொன்று உரையாட வேண்டுமாயின் அவற்றுக்குப் பொதுவான விதிமுறைகள் வேண்டும். அந்த விதிமுறைகளை ஆராய்ச்சி மாணவர்கள் தாமே எழுதித் தமக்குள் சுற்றுக்கு விட்டனர். தாம் கட்டளையிடுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, கருத்துரை வேண்டும் ஆவணம் என்ற பணிவான பெயரை அவற்றுக்குச் சூட்டினர். ஆங்கிலச் சுருக்கத்தில் ஆர்.எவ்.சி. எனப்படும் இந்த ஆவணங்களில் முதலாவதை 1969 ஏப்ரல் 7 ஆம் திகதி ஸ்டீவ் குரொக்கர் எழுதினார். அந்த வரிசையின் பதிப்பாசிரியர் பொறுப்பை அதே ஆண்டிலேயே ஏற்ற பொஸ்டல், இறக்கும் வரை அதனைக் கைவிடவில்லை.

பத்திரிகைப் பணியில் இருப்பவர்கள் இந்த இடத்தில் சற்றுத் தரித்து நிற்கலாம். இருபத்தொன்பது ஆண்டுகள் ஒரே வெளியீட்டுக்குப் பதிப்பாசிரியராக இருப்பது சாதாரணமான காரியமன்று. வந்துசேரும் ஒவ்வொரு வரைவையும் வரிவரியாகப் படித்து, தெளிவற்றதைத் திருப்பி அனுப்பி, தரங்குன்றாமல் வெளியிடும் அந்தப் பொறுமையே இணையத்தின் இலக்கணத்தை ஒழுங்குபடுத்தியது. 200 இற்கும் மேற்பட்ட ஆவணங்களைப் பொஸ்டல் தாமே எழுதினார் அல்லது பிறருடன் சேர்ந்து எழுதினார். 1981 இல் வெளியான இணைய நெறிமுறை அவரது பதிப்பிலேயே வந்தது. 1982 இல் வெளியான, மின்னஞ்சல் அனுப்புவதற்கான நெறிமுறையை எழுதியவரும் அவரே. அதேவேளை அவர் நகைச்சுவை அறியாதவரும் அல்லர். ஏப்ரல் முதலாம் திகதிகளில் வேடிக்கை ஆவணங்களுக்கும் இடமளித்தார். புறாக்களின் காலில் கட்டித் தகவல்களை அனுப்பும் முறையை முழுத் தொழில்நுட்பத் தோரணையில் விளக்கும் 1990 ஆம் ஆண்டின் ஆவணம் அவற்றில் பெயர்பெற்றது.

அவரது பெயரால் வழங்கும் நெறியொன்றும் உண்டு. ஒரு கணினி பிறருக்கு அனுப்புவதில் கண்டிப்பையும், பிறரிடமிருந்து பெறுவதில் தாராளத்தையும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கணினிகளுக்காக எழுதப்பட்ட அந்த நெறி மனிதர்களுக்கும் பொருந்தும் என்று அவரை அறிந்தோர் கருதினர்.

இனி முகவரிகளின் கதைக்கு வருவோம். வலையமைப்பில் இணையும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் வேண்டும். 192.0.2.44 என்பது போல, 0 முதல் 255 வரையான நான்கு எண்களைப் புள்ளிகளால் பிரித்து எழுதும் இந்த இலக்கமே ஐ.பி. முகவரி எனப்படுகின்றது. ஒரே இலக்கம் இருவருக்கு வழங்கப்பட்டால் குழப்பம் விளையும் என்பதால் எவரேனும் ஒருவர் பட்டியல் வைத்திருக்க வேண்டியிருந்தது. வலையமைப்பில் பயன்படும் பல்வேறு இலக்கங்களையும் ஒதுக்குவதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும் என்று 1972 இல் பொஸ்டல் எழுதினார்; அந்தப் பொறுப்பு அவரையே வந்தடைந்தது. 1977 இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் விஞ்ஞான நிறுவகத்தில் சேர்ந்த பின்னரும் அந்தப் பணி அவரோடு சென்றது. ஜோய்ஸ் ரெய்னோல்ட்ஸ் என்ற அம்மையார் நீண்டகாலம் அதில் அவருக்குத் துணைநின்றார். 1980களின் பிற்பகுதியில் அந்தப் பணிக்கு இணைய இலக்க ஒதுக்கீட்டு அதிகாரசபை என்ற பெயர் ஏற்பட்டது. பெயரில் அதிகாரசபை இருந்தபோதிலும், நடைமுறையில் அது பொஸ்டலும் அவரது மிகச் சில சகாக்களுமே.

இலக்கங்கள் கணினிக்கு இலகுவானவை. மனித நினைவுக்கு அவ்வாறல்ல. ஆகவே ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பெயரும் சூட்டப்பட்டது. எந்தப் பெயருக்கு எந்த இலக்கம் என்ற விபரம் அடங்கிய ஒரேயொரு பட்டியல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் பெயின்லரின் குழுவினரால் பேணப்பட்டது. புதிய கணினியை இணைப்பவர் அங்கு அறிவித்துப் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஏனைய கணினிகள் அந்தப் பட்டியலைப் பிரதி செய்துகொள்ள வேண்டும். சில நூறு கணினிகள் இருக்கும் வரை இது போதுமானதாக இருந்தது. எண்ணிக்கை பெருகியபோது பட்டியலும் பெருத்தது, பிரதிகள் காலாவதியாயின. மாற்று வழியொன்றைக் காணுமாறு பொஸ்டல் தமது நிறுவகத்தின் இளம் ஆய்வாளரான போல் மொக்காபெட்ரிஸிடம் கேட்டுக்கொண்டார். அதன் விளைவாக 1983 இல் உருவானதே ஆள்களப் பெயர் முறைமை, அதாவது டொமைன் பெயர் முறைமையாகும்.

அந்த முறைமையின் அடிப்படைத் தத்துவம் பொறுப்பைப் பகிர்ந்தளிப்பதாகும். எமது நாட்டு உதாரணமொன்றின் மூலம் இதனை விளங்கிக்கொள்ளலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஆள்களப் பெயர் ஜே.எவ்.என். டொட் ஏ.சி. டொட் எல்.கே. என்பதாகும். இதனை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். கடைசியிலுள்ள எல்.கே. இலங்கையையும், ஏ.சி. கல்வி நிறுவனங்களையும், ஜே.எவ்.என். யாழ்ப்பாணத்தையும் குறிக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் கடிதம் முதலில் நாட்டின் பெயரையும், பின்னர் ஊரின் பெயரையும், இறுதியில் வீட்டிலக்கத்தையும் கொண்டு பிரிக்கப்படுவதைப் போன்றதே இது.

உலகின் எந்த மூலையிலிருந்தும் இந்தப் பெயரைத் தேடும் கணினி, விடையை முன்னரே அறிந்திராவிடின் முதலில் மூலச் சேவையகம் ஒன்றை நாடும். மூலச் சேவையகத்துக்கு யாழ்ப்பாணத்தைத் தெரியாது. ஆனால் எல்.கே. பற்றிய விபரம் எங்கே உள்ளது என்பது தெரியும். எல்.கே. சேவையகம் ஏ.சி.யைச் சுட்டிக்காட்டும், இவ்வாறு படிப்படியாகச் சென்று பல்கலைக்கழகக் கணினியின் ஐ.பி. இலக்கம் பெறப்படும். எவரும் முழு உலகையும் அறிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தமது வட்டாரத்தை அறிந்திருந்தால் போதும். ஆயினும் மூலச் சேவையகங்களில் உள்ள அந்த உச்சப் பட்டியல் மாத்திரம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அங்கே இரண்டு பட்டியல்கள் தோன்றினால் உலகில் இரண்டு இணையங்கள் தோன்றிவிடும்.

இங்கு இரண்டு சொற்களிடையே உள்ள வேறுபாட்டையும் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. ஆள்களப் பெயர் என்பது வேறு, இணையத்தள முகவரி என்பது வேறு. இணையத்தள முகவரியின் தொடக்கத்தில் எச்.ரி.ரி.பி. போன்ற நெறிமுறையின் பெயரும், நடுவே ஆள்களப் பெயரும், அதன்பின் சாய்கோட்டுக்கு அப்பால் குறிப்பிட்ட பக்கத்தின் இருப்பிடமும் அமைந்திருக்கும். வீட்டின் பெயரை ஆள்களப் பெயருக்கு ஒப்பிட்டால், வீட்டினுள் எந்த அலுமாரியின் எந்தத் தட்டு என்பது வரை சொல்வது முழு முகவரியாகும். ரிம் பேர்னர்ஸ் லீ வையவிரிவலையை முன்மொழிந்தது 1989 இலேயே. ஆள்களப் பெயர்கள் அதற்கு முன்னரே மின்னஞ்சலுக்கும் ஏனைய தேவைகளுக்கும் பயன்பட்டு வந்தன.

பெயரின் கடைசிப் பகுதி உயர்நிலை ஆள்களம் எனப்படும். எவையெவை உயர்நிலை ஆள்களங்களாக இருக்கலாம் என்பதை 1984 ஒக்டோபரில் பொஸ்டலும் ரெய்னோல்ட்ஸும் எழுதிய ஆவணம் வரையறுத்தது. வர்த்தகத்துக்குக் கொம், கல்விக்கு எடு, அரசாங்கத்துக்குக் கவ், படைத்துறைக்கு மில், ஏனைய அமைப்புகளுக்கு ஓர்க் என்பவற்றோடு நாடுகளுக்கான ஈரெழுத்துக் குறியீடுகளும் அதில் இடம்பெற்றன. நெட் என்பது சற்றுப் பின்னர் சேர்க்கப்பட்டது. முதலாவது டொட் கொம் பெயர் 1985 மார்ச் 15 இல் பதிவு செய்யப்பட்டது.

நாடுகள் விடயத்தில் பொஸ்டல் கடைப்பிடித்த அணுகுமுறை அவரது விவேகத்துக்குச் சான்றாகும். எது நாடு, எது நாடன்று என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு தமக்குரியதன்று என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சர்வதேச நியமங்களுக்கான அமைப்பு ஏற்கெனவே வெளியிட்டிருந்த நாட்டுக் குறியீட்டுப் பட்டியலையே அவர் அடிப்படையாகக் கொண்டார். எமது நாட்டுக்கு எஸ்.எல். என்ற எழுத்துகள் ஏன் கிடைக்கவில்லை எனச் சிலர் கேட்பதுண்டு. அந்தப் பட்டியலில் எஸ்.எல். சியரா லியோனுக்கு உரியது, இலங்கைக்குரியது எல்.கே. என்பதாகும். அந்த எல்.கே. 1990 ஆம் ஆண்டில், இந்நாட்டுப் பொதுமக்களுக்கு வர்த்தக ரீதியான இணையச் சேவை கிட்டுவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, இலங்கையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. எமது பெயருக்கான இடம், நாம் அதனைப் பயன்படுத்தும் நிலைக்கு வருமுன்னரே எமக்காக ஒதுக்கப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வாறு பெயர்களைப் பெறுப்பேற்போரின் கடமை யாது என்பதை 1994 மார்ச்சில் பொஸ்டல் ஓர் ஆவணத்தில் எழுதினார். உயர்நிலை ஆள்களமொன்றைப் பொறுப்பேற்பவர் அதன் உடைமையாளர் அல்லர். அந்நாட்டு மக்களுக்கும் உலக இணையச் சமூகத்துக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் மாத்திரமே. உரிமை, சொத்து என்ற நோக்கில் அன்றி, கடமை, சேவை என்ற நோக்கிலேயே இதனை அணுக வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. எமது கோயில்களிலும் சனசமூக நிலையங்களிலும் தர்மகர்த்தாக்களும் நிர்வாகிகளும் எதிர்கொள்ளும் அதே வினாவையே அவர் இணையத்தின் முன்வைத்தார் எனலாம். பொதுச் சொத்தைக் காப்பவன் எப்போது அதன் சொந்தக்காரனாக மாறிவிடுகின்றான் என்பதே அந்த வினா.

அந்த வினாவுக்கு விடைகாணும் காலம் விரைவிலேயே வந்தது. 1993 இல் கொம், நெட், ஓர்க் பெயர்களைப் பதிவு செய்யும் பணி அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஒப்பந்தத்தின் கீழ் நெட்வேர்க் சொலூஷன்ஸ் என்ற தனியார் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. அதுவரை பெயர்கள் கட்டணமின்றி வழங்கப்பட்டு வந்தன. 1995 செப்டெம்பர் முதல், ஒரு பெயருக்கு ஆண்டொன்றுக்கு 50 டொலர் வீதம் முதலிரு ஆண்டுகளுக்கு 100 டொலர் அறவிடப்பட்டது. வர்த்தக உலகம் இணையத்தை நோக்கிப் படையெடுத்த காலம் அது. பட்டியல் ஒன்று பணச்சுரங்கமாயிற்று. இந்த ஏகபோகத்துக்குப் போட்டியாகப் புதிய உயர்நிலை ஆள்களங்களை உருவாக்க வேண்டும் என்று 1996 இல் பொஸ்டல் முன்மொழிந்தார். சர்வதேச மட்டத்தில் அதற்கான முயற்சிகளும் நடைபெற்றன. ஆனால் அமெரிக்க அரசாங்கம் இந்த விடயத்தில் தனது முடிவையே இறுதியானதாகக் கொள்ள முற்பட்டது.

1998 ஜனவரி 28 ஆம் திகதி பொஸ்டல் செய்த காரியம் இன்றும் விவாதத்துக்குரியதாக உள்ளது. மூலச் சேவையகங்களை நடத்தியோரில் எட்டுப் பேருக்கு அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். உச்சப் பட்டியலை நெட்வேர்க் சொலூஷன்ஸின் கணினியிலிருந்து அன்றி, தமது நிறுவகத்தின் கணினியிலிருந்து பெறுமாறு அதில் கேட்டிருந்தார். எட்டுப் பேரும் அவ்வாறே செய்தனர். பட்டியலின் உள்ளடக்கத்தில் மாற்றம் எதுவும் செய்யப்படாததால் உலகின் எந்தப் பாவனையாளரும் வேறுபாட்டை உணரவில்லை. ஆயினும் வாஷிங்டன் அதிர்ந்தது. ஜனாதிபதி கிளின்டனின் ஆலோசகரான ஐரா மகசினர் தலையிட்டார். அது ஒரு பரிசோதனையே என்று பொஸ்டல் விளக்கமளித்தார். சில நாட்களில் பழைய ஏற்பாடு மீள நிலைநாட்டப்பட்டது. அதே வாரத்தில் வெளியிடப்பட்ட அரசாங்க ஆவணம் இணையப் பெயர்களின் எதிர்கால நிர்வாகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

அவர் செய்தது சரியா? முறைமையின் கண்ணோட்டத்தில் நோக்கினால், உலகம் முழுவதும் தங்கியிருக்கும் ஓர் ஏற்பாட்டைத் தனியொருவர் ஒரு மின்னஞ்சலால் திசைதிருப்பியது ஏற்கத்தக்கதன்று. அவ்வாறு செய்ய முடிந்தமையே அந்த ஏற்பாட்டின் பலவீனத்துக்குச் சான்றாகும். மறுபுறம், உலகின் பொதுச்சொத்தான பெயரேடு ஓர் அரசாங்கத்துக்கோ ஒரு கம்பனிக்கோ உரியதா என்ற வினாவை அதைவிடத் தெளிவாக எவராலும் எழுப்பியிருக்க முடியாது. அன்று அவரது சொல்லை ஏற்றவர்களை எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்தவில்லை. பல ஆண்டுகளாக அவரிடம் கண்ட நேர்மையே அவர்களை இணங்கச் செய்தது. தனிமனித நேர்மையில் தங்கிய ஓர் ஏற்பாட்டின் உயர்வும் ஆபத்தும் ஒருங்கே வெளிப்பட்ட நாள் அது.

பொஸ்டலும் அதனை உணர்ந்திருந்தார் என்றே கருத வேண்டும். அந்த ஆண்டின் எஞ்சிய மாதங்களைத் தமது பணியை ஒரு நிறுவனத்திடம் கையளிப்பதற்கான ஏற்பாடுகளிலேயே அவர் செலவிட்டார். ஐகான் எனச் சுருக்கமாக அழைக்கப்படும், பெயர்களுக்கும் இலக்கங்களுக்குமான இணையக் கூட்டுத்தாபனம் 1998 செப்டெம்பர் 30 இல் இலாபநோக்கற்ற அமைப்பாகப் பதிவு செய்யப்பட்டது. சரியாகப் பதினாறு நாட்களின் பின்னர், ஒக்டோபர் 16 ஆம் திகதி, இருதய சத்திரசிகிச்சையைத் தொடர்ந்து ஏற்பட்ட சிக்கல்களால் பொஸ்டல் லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. அவருக்கான அஞ்சலியை அவரது நண்பரான வின்ட் சேர்வ் எழுதினார். பொஸ்டல் வாழ்நாள் முழுவதும் பதிப்பித்த அந்த ஆவண வரிசையிலேயே, 2468 ஆம் இலக்க ஆவணமாக அது வெளியாயிற்று. ஒரு பதிப்பாசிரியருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறெதுவாக இருக்க முடியும்?

அவரது மறைவுக்குப் பின்னர் நிகழ்ந்தவை அவர் எழுப்பிய வினாவை மேலும் கூர்மையாக்கின. நெட்வேர்க் சொலூஷன்ஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 2,100 கோடி டொலர் பெறுமதியில் வாங்குவதாக வெரிசைன் நிறுவனம் 2000 மார்ச்சில் அறிவித்தது. பொஸ்டல் தமக்கென உரிமை கொண்டாடாத ஒரு துறையின் சந்தைப் பெறுமதி அது. உச்சப் பட்டியல் மீதான அமெரிக்க அரசாங்கத்தின் ஒப்பந்தக் கட்டுப்பாடு 2016 ஒக்டோபர் 1 ஆம் திகதியுடன் முடிவுக்கு வந்தது. பொதுநல அமைப்புகள் பெரிதும் பயன்படுத்தும் ஓர்க் ஆள்களத்தின் பதிவகத்தைத் தனியார் முதலீட்டு நிறுவனமொன்றுக்கு 100 கோடி டொலருக்கும் அதிகமான விலைக்கு விற்க 2019 இல் முயற்சி மேற்கொள்ளப்பட்டபோது பலத்த எதிர்ப்புக் கிளம்பியது. 2020 ஏப்ரலில் ஐகான் அதற்கு அனுமதி மறுத்தது. நம்பிக்கைப் பொறுப்பு என்ற 1994 ஆம் ஆண்டின் சொல் இன்னும் உயிரோடு இருக்கின்றது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

சாதாரண பாவனையாளர்களும் இதிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியவை உள. ஆள்களப் பெயரை எவரும் ஒருமுறை வாங்கி நிரந்தரமாக உரித்தாக்கிக்கொள்வதில்லை. பதிவாளர் எனப்படும் விற்பனை நிறுவனத்தின் ஊடாக, பதிவகம் எனப்படும் பட்டியல் காப்பாளரிடம் குறித்த காலத்துக்கே அது பதியப்படுகின்றது. தவணை தவறினால் பெயர் கைமாறலாம். எமது பாடசாலைகள், நூலகங்கள், ஊர்ச் சங்கங்கள் ஆகியவை தமது பெயரை யாரோ ஓர் உறுப்பினரின் சொந்தப் பெயரில் பதிந்துவிட்டு, அவர் வெளிநாடு சென்ற பின்னர் தவிப்பதை நாம் காண்கின்றோம். பதிவு அமைப்பின் பெயரில் இருப்பதும், கடவுச்சொல் ஒருவருக்கு மேற்பட்ட பொறுப்பானவர்களிடம் இருப்பதும், புதுப்பிக்கும் திகதி குறிப்பேட்டில் எழுதப்பட்டிருப்பதும் அவசியமாகும்.

2010 ஆம் ஆண்டில் டொட் இலங்கை என்ற உயர்நிலை ஆள்களம் தமிழ் எழுத்துகளிலேயே உச்சப் பட்டியலில் இடம்பிடித்தது. உலகின் மூலச் சேவையகங்கள் அனைத்திலும் எமது மொழியில் எமது நாட்டின் பெயர் இன்று பதிந்துள்ளது. ஆங்கில எழுத்துகள் மட்டுமே இருந்த ஒரு பட்டியலில் தொடங்கிய பயணம் இது. ஆயினும் அந்தப் பெயரின் கீழ் எழுப்பப்பட வேண்டிய தமிழ்த் தளங்களோ மிகச் சொற்பம். இடம் ஒதுக்கப்பட்டுள்ளது, அதனை நிரப்புவது எமது கடமை.

பொஸ்டல் செல்வத்தைச் சேர்க்கவில்லை, கம்பனி தொடங்கவில்லை. பட்டியலொன்றைப் பிழையின்றி வைத்திருந்தார், கேட்டவர்க்குப் பாரபட்சமின்றி வழங்கினார், தமது காலம் முடியுமுன் அதனைப் பிறரிடம் கையளிக்க முயன்றார். அதிகாரம் கைக்கு வந்தவுடன் அதனைச் சொந்தமாக்கிக்கொள்ளத் துடிப்போர் நிறைந்த உலகில், பொதுச்சொத்தின் காவலன் எவ்வாறு வாழ வேண்டும் என்பதற்கு அந்த எளிய மனிதரின் வாழ்க்கை ஓர் இலக்கணமாகத் திகழ்கின்றது.